டயர் பேசுகிறதா? கார் ரேஸ் கேம் பற்றிக் கேள்வி பதில்

கார் ரேஸ் கேம்களில் நிஜக் காரைப் போலவே ஓட வைக்கப் பார்க்கும் சிமுலேட்டர், ஜாலிக்காகச் சுலபமாக்கிய ஆர்கேட் இரண்டையும் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் இருந்து சில.

பிரபு: அண்ணா, சிமுலேட்டருக்கும் ஆர்கேடுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

டயர்தான். சிமுலேட்டரில் நாலு டயர் மேலும் எவ்வளவு பாரம் இருக்கிறது, எவ்வளவு வழுக்குகிறது, எவ்வளவு பிடி மிச்சம் என்று தனித்தனியாகக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டரில் இந்தக் கணக்கு வினாடிக்கு 333 முறை நடக்கிறது. கார் என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கின் விடை. ஆர்கேடில் நேர் எதிர். வளைவில் கார் என்ன செய்ய வேண்டும் என்று வடிவமைப்பாளர் முதலிலேயே முடிவு செய்துவிடுவார், கணக்கு அதற்கேற்ப வளையும். 1993-இல் நாம்கோ வெளியிட்ட ரிட்ஜ் ரேசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினால் பின்பக்கம் அழகாக வெளியே போகும், வளைவு முடிந்ததும் கார் தானாக நேராகிவிடும். உலகத்தில் எந்த டயரும் அப்படிச் செய்யாது. ஆனால் அவர்கள் விரும்பியதே அதுதான்.

ஷாலினி: ஆர்கேட் என்றால் சின்னப் பசங்க சமாசாரம் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அப்படியா அண்ணா?

இல்லவே இல்லை. யூ சுசுகி 1986-இல் சேகாவுக்காகச் செய்த அவுட்ரன்னை இன்று எடுத்து ஓட்டினாலும் கை விடமாட்டேன் என்கிறது. பர்ன்அவுட் 3-இல் (2004) எதிர்த்திசை வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனால் வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் நிரம்பும். அங்கே நிஜக் காரின் எடையையும் பிரேக் தூரத்தையும் கொண்டுவந்து வைத்தால் கேம் அங்கேயே செத்துவிடும். கேம் நம்மிடம் எதைக் கேட்கிறதோ அதற்குக் கார் ஒத்துப்போக வேண்டும். எனக்கு அளவுகோல் அது ஒன்றுதான்.

யாசின்: ஃபார்ஸா ஹொரைசன் எந்தப் பக்கம்?

நடுவில். 'சிம்கேட்' என்று சொல்வார்கள். அடியில் டயர் கணக்கு உண்டு, மேலே தாராளமான மன்னிப்பும் உண்டு. கன்ட்ரோலரில் ஓட்டுபவர்களுக்கு அதைவிட நல்ல நடுவழி குறைவு.

கார்த்திக்: அண்ணா, நீட் ஃபார் ஸ்பீடில் நான் கில்லி. அசெட்டோ கோர்சாவில் ஒவ்வொரு வளைவிலும் கார் சுற்றிவிடுகிறது. எங்கே தப்பு?

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் வளைவுக்குள் வேகமாக நுழைகிறீர்கள். பாதி வளைவில் 'ஐயோ, வேகம் அதிகம்' என்று தோன்றுகிறது, சட்டென்று ஆக்சிலேட்டரை விடுகிறீர்கள். அந்த நொடியில் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர்கள் தரையை இறுக்கிப் பிடிக்கின்றன, பின் டயர்கள் லேசாகிவிடுகின்றன. முன்பக்கம் கூர்மையாகத் திரும்ப, பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வருகிறது. பயந்து பிரேக்கையும் அழுத்தினால் கதை முடிந்தது. நீட் ஃபார் ஸ்பீடில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய தண்டனை கிடையாது, அதனால் அது கையில் ஊறிவிட்டது.

டயரின் பிடியை மாசச் சம்பளம் மாதிரி நினையுங்கள். முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்தால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் பெரிய பிரேக்கை நேர்க்கோட்டிலேயே முடியுங்கள். திருப்பத் திருப்ப பிரேக்கை மெதுவாக விடுங்கள். ஸ்டீயரிங் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிரேக் குறைய வேண்டும். வெளியே வரும்போது ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்க ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள்.

அப்புறம், ஃபெராரியை ஒரு வாரம் தொடாதீர்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சக்தி குறைந்த கார், மஜியோனே மாதிரி சின்ன டிராக். பத்து சுற்றையும் கார் சுழலாமல் முடிப்பது மட்டும்தான் குறி. நேரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

தினேஷ்: கஷ்டமாக இருந்தால்தான் நிஜம் என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். நிஜக் காரில் பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பது முதலில் உங்கள் இடுப்புக்கும் முதுகுக்கும்தான் தெரியும். கேமில் அந்தச் சேதியே கிடையாது. கண், காது, கை மட்டும்தான். அதனால் சிமுலேட்டர் பல நேரம் நிஜத்தைவிடக் கஷ்டம். 1998-இல் வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் 1967 ஃபார்முலா ஒன் சீசனின் கார்களைக் கொடுத்தது. இறக்கை கிடையாது, தரையோடு அழுத்த எதுவும் கிடையாது. முதல் நாள் ஒரு சுற்று முடிப்பதே பெரும்பாடு. அந்தக் கஷ்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சில கேம்களோ டயரைப் பனிக்கட்டி ஆக்கிவிட்டு அதற்கு 'நிஜம்' என்று பெயர் வைக்கின்றன. சோதனை சுலபம். சாதாரண ரோட்டு டயர் எல்லையைத் தாண்டினாலும் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், கூடவே கத்தும். எச்சரிக்கையே இல்லாமல் ஒவ்வொரு முறையும் மொத்தமாக விட்டுவிட்டால், அந்த டயர் கணக்கு சரியில்லை.

ரேவதி: வீல் வாங்கலாமா, கன்ட்ரோலரே போதுமா?

ஆர்கேட் மட்டும் என்றால் கன்ட்ரோலரே போதும், வீல் வாங்கினால் ஏமாற்றம்தான். சிமுலேட்டர் பக்கம் ஆர்வம் வந்துவிட்டது என்றால் லாஜிடெக் ஜி29 மாதிரி, மோட்டார் விசையைப் பற்சக்கரம் வழியாகத் தரும் ஸ்டீயரிங் வீலில் தொடங்கலாம். கைக்குத் தரும் விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் முன் டயர் பிடியை விடும்போது ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியும். மோட்டாரோடு நேராக இணைந்த டைரக்ட் டிரைவ் பிறகு பார்க்கலாம். கையில் காசு மிஞ்சினால் முதலில் பிரேக் பெடலில் போடுங்கள். அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடல் வந்த பிறகுதான் என் பிரேக்கிங் ஒரே சீராக ஆனது. இன்னொன்று, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும். சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வையுங்கள், அசையாது.

ஒரு அம்மா: தம்பி, என் பையனுக்கு 17 வயசு. கேமில் நன்றாக ஓட்டுகிறேன், நிஜக் காரும் ஓட்டுவேன் என்கிறான். விடலாமா?

ரோட்டில் வேண்டாம் அம்மா. 18 முடிந்து, லைசென்ஸ் எடுத்த பிறகுதான். கேமில் கற்றது வீண் இல்லை. கேம் ஆடுபவர்களை ரேஸ் ஓட்டுநர்களாக்க நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து நடத்திய ஜிடி அகாடமியில் 2011-இல் ஜெயித்த ஜான் மார்டன்பரோ, 2013-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டித் தன் பிரிவில் மூன்றாவது வந்தார். ஆனால் நடுவில் அவருக்கு முறையான பயிற்சி இருந்தது. வளைவுக்கு முன் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைக் கேம் கற்றுக்கொடுக்கும். குறுக்கே ஓடும் குழந்தையையும், திடீரென்று திரும்பும் ஆட்டோவையும் கற்றுக்கொடுக்காது. ஆசை உண்மையாக இருந்தால் கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டியில் இருந்து தொடங்கட்டும். பிறகு கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை என்று நம் ஊரிலேயே டிராக் இருக்கிறது.

முகிலன்: எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் வருகிற கார் ஒட்டிக்கொண்டே வருகிறதே?

ரப்பர் பேண்ட் முறை. நீங்கள் முந்தினால் கேமே ஓட்டும் மற்ற கார்களுக்கு வேகம் கூடும், பின்தங்கினால் குறையும். கார் ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆர்கேடில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்.

ஜெனிஃபர்: நூர்பர்க்ரிங் முழுச் சுற்று மனப்பாடம் ஆகவே மாட்டேன் என்கிறது அண்ணா.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நார்ட்ஷ்லைஃபே என்கிற வடக்குச் சுற்று மட்டுமே 20.8 கிலோமீட்டர் தங்கச்சி, யாருக்கும் ஒரே நாளில் வராது. லேசர் ஸ்கேன் செய்த டிராக்காகப் பார்த்து எடுங்கள், மேடு பள்ளமெல்லாம் சரியாக இருக்கும். முதல் வாரம் தொடக்கத்தில் இருந்து ஃபிளூக்பிளாட்ஸ் மேடு வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். அந்த மேட்டில் கார் லேசாகும், அப்போது ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். அது கைக்கு வந்ததும் அடுத்த துண்டுக்குப் போங்கள்.