எல்லாமே சதிதானா?

கேள்வி: நன்கு படித்த என் அண்ணன், நிலவுப் பயணம் தொடங்கித் தடுப்பூசி வரை அனைத்துக்கும் பின்னால் ஒரு ரகசியக் கூட்டம் இருப்பதாக நம்புகிறார். மறுத்துப் பேசினால், "அரசாங்கங்கள் பொய்யே சொன்னதில்லையா?" என்று மடக்குகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: அண்ணனின் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அமெரிக்காவின் டஸ்கீகி என்னும் ஊரில், சிஃபிலிஸ் நோயால் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை, 1940-களில் பென்சிலின் அதற்கு மருந்தாக நிலைபெற்ற பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1972 வரை கண்காணித்து வந்தது. அத்துறையிலேயே பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன், மேலதிகாரிகளிடம் முறையிட்டும் பலனில்லாமல், கடைசியில் பத்திரிகையாளரிடம் சொன்னதால்தான் அது அம்பலமானது. உண்மையான சதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளிவருகின்றன: உள்ளிருக்கும் ஒருவர் வாய் திறக்கிறார், ஆவணங்கள் சிக்குகின்றன.

உங்கள் அண்ணன் நம்பும் சதிகளோ எந்த ஆதாரத்துக்கும் பிடிகொடுப்பதில்லை. 1969 முதல் 1972 வரை ஆறு முறை மனிதர் நிலவில் இறங்கிக் கொண்டுவந்த 382 கிலோ பாறையையும் மண்ணையும் பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். போட்டியில் தோற்ற சோவியத் ஒன்றியமே அதைப் பொய் என்று சொல்லவில்லை. இதைச் சொன்னால், அவர்களும் உடந்தை என்று பதில் வரும்.

ஆயினும் இந்த நம்பிக்கைக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. 1963-இல் கென்னடியின் உயிரைப் பறிக்க ஒரு தனிமனிதனின் துப்பாக்கி போதுமாயிருந்தது என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. இவ்வளவு பெரிய இழப்புக்கு அதற்கேற்ற பெரிய காரணத்தைத் தேடுகிறது. ஊரே ஏமாந்திருக்க நான் மட்டும் கண்டுகொண்டேன் என்ற பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது.

இதில் நான் மிகவும் அஞ்சுவது தடுப்பூசி பற்றிய பேச்சையே. 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்துடன் முடிச்சுப் போட்டது. அதை நம்பிப் பிரிட்டனில் பெற்றோர் பலர் ஊசி போடத் தயங்கினார்கள், தட்டம்மை திரும்பி வந்தது. பிறகு நடந்த விசாரணையில், தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரின் தரப்பிலிருந்து அந்த ஆய்வாளர் பணம் பெற்றிருந்தது உறுதியானது. 2010-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமையையும் அவர் இழந்தார். மறைக்கப்பட்ட உண்மை ஒன்று இருந்தது, குற்றம் சாட்டியவரின் பக்கத்தில்.

அண்ணனைக் கேலி செய்யாதீர்கள். அவமானப்பட்டவர் தம் கட்சியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார். "எந்த ஆதாரம் கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று மட்டும் தனிமையில் கேளுங்கள், அவர் யோசிக்க அவகாசமும் கொடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அந்த அவகாசத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.