ஒரே வகை ரத்தம், பிறகு ஏன் பரிசோதனை?

கேள்வி: என் அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ். ரத்த வங்கியில் அதே வகை இருந்தும், மறுபடி மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகே கொடுத்தார்கள். இந்தத் தாமதம் தேவைதானா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கட்டாயம் தேவை. சிவப்பணுக்களின் மேல் ஏ, பி, ஆர்ஹெச் தவிர கெல், டஃபி, கிட் எனப் பல ஆன்டிஜென்கள் (அணுவின் வகையைக் காட்டும் அடையாளப் பொருள்கள்) உள்ளன. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் எனும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருக்கக்கூடும் என்பதால், நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கொடையாளரின் சிவப்பணுக்களையும் சோதனைக் குழாயில் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து, பின்னர் அணுக்களைக் கழுவி, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் திரளவைக்கும் கூம்ஸ் சீரம் விட்டுச் சுழற்றிப் பார்க்கிறார்கள். குழாயை மெல்ல அசைக்கும்போது அடியில் படிந்த அணுக்கள் சீராகக் கலைந்தால் பொருத்தம். மணல்போல் திரண்டு நின்றால் அந்தப் பை அந்த நோயாளிக்கு ஆகாது.

1952-ல் பம்பாயில் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த பாம்பே ரத்த வகை இன்னும் நுட்பமானது. சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் அது ஓ வகையாகவே தெரியும். ஆனால் சாதாரண ஓ ரத்தத்தில் இருக்கும் ஹெச் என்ற ஆன்டிஜென் இந்த வகையினருக்கு இல்லாததால், அவர்களுடைய உடல் அந்த ஓ ரத்தத்தையும் அழித்துவிடும். அவர்களுக்குப் பாம்பே வகை ரத்தம்தான் ஏற்ற முடியும்.

அம்மாவுக்கு முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிட் வகை ஆன்டிபாடிகள் காலப்போக்கில் குறைந்து, பரிசோதனையில் சிக்காமல் போவதுண்டு.