பயாப்சி ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்?

கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குக் கோயமுத்தூரில் இரைப்பையிலிருந்து சதை எடுத்தார்கள், ரத்த ரிப்போர்ட் அன்றே வந்துவிட்டது, இது மட்டும் ஏன் இழுக்கிறது என்று. லேப் டெக்னீசியனாகச் சொல்கிறேனுங்க.

எடுத்த துணுக்கு உடனே, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்துக்குள் போக வேண்டும். வெறும் சலைனில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், வந்து சேர்வதற்குள் செல்கள் தம் நொதிகளாலேயே சிதையத் தொடங்கிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதைச் சரிசெய்ய முடியாது. தயவுசெய்து யாரும் அப்படி அனுப்பாதீர்கள்.

ஃபார்மலினில் பல மணி நேரம் ஊறிய பின் ஆல்கஹால் நீரை எடுக்கும், சைலீன் ஆல்கஹாலை எடுக்கும், அந்த இடத்தில் 60 டிகிரி வாக்கில் உருகிய பாரஃபின் மெழுகு ஏறும். பெரும்பாலும் இரவு முழுக்க மெஷினில் ஓடும். மறுநாள் மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரிப்பன் போல வரும் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அப்படியே ஸ்லைடில் ஏந்த வேண்டும். இங்கே கை பதறினால் மடிப்பு விழும்.

பிறகு சாயமேற்றுவோம்: ஹீமடாக்சிலின் என்ற சாயம் செல்லின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் என்ற சாயம் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். எபிதீலியம் (சுரப்பிகளும் அடங்கிய மேல்படலம்), இணைப்புத் திசு, தசை, நரம்பு என்ற நால்வகைத் திசுவும் இரைப்பைச் சுவரில் உண்டு. புற்றுநோயின் அடையாளமாகச் சுரப்பி செல்கள் எல்லை மீறி இணைப்புத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்றுதான் டாக்டர் முக்கியமாகத் தேடுவார். சந்தேகமிருந்தால் வேறு சாயமும் கேட்பார், நாள் கூடும். அதனால் தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று அம்மாவைப் பயப்பட விடாதீங்க.