மாமனாருக்கு பயம், மகனுக்கு அவசரம்

கே: என் மாமனாருக்கு 72 வயசு. போன்ல பணம் அனுப்புறதுன்னாலே கும்பிடு போட்டுர்றார், பேங்க்குக்கு நடந்தே போய் சலான் எழுதிதான் எடுப்பார். என் பையன் எந்த ஆப் வந்தாலும் அன்னைக்கே போட்டுர்றான். யார் பேச்ச கேக்குறது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: பெரியவர திட்டாதீங்கம்மா. 80கள்ல பேங்க்குக்கு கம்ப்யூட்டர் வருதுன்னதும் வேலை போயிரும்னு யூனியன்காரங்களே கொடி புடிச்சாங்க. எங்கப்பா ஏடிஎம்ல எடுத்த நோட்ட அங்கயே நின்னு எச்சில் தொட்டு மூணு தடவ எண்ணுவார், பின்னாடி க்யூவே முனகும். யுபிஐ வந்தது 2016ல, இப்ப எங்க தெரு இளநிக்காரர் வண்டியிலகூட ஸ்பீக்கர் பெட்டி தொங்குது, காசு வந்ததும் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துது.

எனக்கென்னவோ பையன நினைச்சாதான் பயமா இருக்கு. பணம் நமக்கு வர்றதுக்கு பின் நம்பரே தேவையில்ல, நம்மகிட்டருந்து போறதுக்குதான் பின், இது தெரியாம "உங்களுக்கு பணம் வருது, பின் போடுங்க"ன்னு எவனோ சொன்னத நம்பி போட்டவங்க படிச்சவங்கள்லயே நிறைய பேர்.

தனியா ஒரு கணக்குல ரெண்டாயிரம் மட்டும் போட்டு அத மட்டும் போன்ல சேத்துட்டு மாமனார இளநி வண்டிக்கு கூட்டிட்டு போங்க, அவரே அனுப்பட்டும், அந்த பெட்டி கத்துறத அவரே கேக்கட்டும். பையன் போன்ல 1930ஐ சேவ் பண்ணி வைங்க, சைபர் மோசடி நம்பர், பணம் போச்சுன்னா அந்த நிமிஷமே கூப்பிடணும்.