சிறுவயதை நினைக்கும் சங்கப் பாடலான புறநானூறு 243-ஐயும் பாரதியின் சுயசரிதைக் கவிதையையும் ஒப்பிடும் உங்கள் கட்டுரை பற்றி: இரண்டு கவிதைகளும் "ஏக்கம்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றனவா?

உணர்ச்சியை ஒப்பிடாமல், நினைப்பவர் எந்த இடத்தில் நின்று நினைக்கிறார் என்பதை ஒப்பிடுங்கள். இரண்டும் அங்கேதான் பிரிகின்றன. குளம், விளையாட்டு, தோழர் என்று பொருள்களைப் பட்டியலிட்டதால்தான் "இருவரும் ஏங்குகிறார்கள்" என்பதற்கு மேல் உங்கள் கட்டுரை நகரவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு சோதனை: வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். புறப்பாடலில் தழீஇ (தழுவி), தூங்கி (அசைந்தாடி), ஏறி, பாய்ந்து, குளித்து என வினையெச்சங்கள் மூச்சுவிடாமல் ஓடி, ஆழத்து மணலை அள்ளிவந்த "கல்லா இளமை"யில் வந்து நிற்கின்றன; அதன்பின் தண்டூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமை வருகிறது. முதுமையின் மூச்சுத்திணறலுக்கு முன்னால் அந்த ஓட்டத்தை வைத்ததுதான் பாடலின் நுட்பம் என்பது என் கருத்து. பாரதியிடமோ "வீதியாட்டங்கள் ஏதினும் கூடிலேன்" என்று எதிர்மறை வினை வருகிறது. 1882-இல் பிறந்தவர் 1910-இல் வெளியிட்ட பாடல் அது. முதுமை இன்னும் எட்டாதவர், இழந்ததற்கு அன்றிக் கிடைக்காததற்கு வருந்துகிறார்.

ஆனால் புறப்பாடலுக்குக் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றைச் சான்றாகக் காட்டாதீர்கள். தொடித்தலை விழுத்தண்டினார் என்ற அவர் பெயரே பாடலில் வரும் "தொடித்தலை விழுத்தண்டு" என்ற தொடரிலிருந்து பிறந்தது. பாரதிக்கு அத்தடை இல்லை; எனினும் அங்கும் வரிகளே முதற்சான்று.