துலாம்பென் கருமணலில் நகக்கண் அளவு உயிர்கள்: கேள்வி பதில்

பாலித் தீவின் வடகிழக்கில் உள்ள துலாம்பெனில், கரையிலிருந்தே டேங்க் கட்டி இறங்கிச் சின்னஞ்சிறு கடலுயிர்களைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: அக்கா, துலாம்பென் என்றால் எல்லோரும் மூழ்கிய கப்பலைப் பார்க்கத்தானே போகிறார்கள்?

ப: ஆமாம். 1942 ஜனவரியில் ஜப்பானிய டார்பிடோ பட்டுக் கரை ஒதுக்கப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டி, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அழைப்பது அதே எரிமலை கொட்டிய கருமணல்தான். முதலில் ஒன்றுமே இல்லாத சரிவாகத் தெரியும். பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பாருங்கள், மணலே அசைய ஆரம்பிக்கும். படகு காத்திருக்கிறதே என்ற அவசரமும் இல்லை. ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் காற்று நெடுநேரம் வரும்.

கே: கேமராவோடு இறங்கும்போது கல் வழுக்கி விழுந்துவிட்டேன். அலையில் எப்படி இறங்குவது?

ப: அந்தக் கரை முழுக்க உருண்டைக் கற்கள். அலை இழுக்கும்போது அவையும் காலடியில் உருளும். இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று அலையைக் கவனியுங்கள். நாலைந்து பெரிய அலைகள் வந்தபின் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்போது இறங்குங்கள். மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், பிசிடியில், அதாவது மிதக்க உதவும் காற்று ஜாக்கெட்டில், கொஞ்சம் காற்று இருக்கட்டும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் வைத்திருந்து, இடுப்பளவு நீரில் மிதந்தபடி மாட்டுங்கள். கேமராவின் கண்ணாடி உங்கள் நெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அலை பெரிதென்றால் அன்று இறங்கவே வேண்டாம்.

கே: என்னிடம் ஒலிம்பஸ் டிஜி-6 தான் இருக்கிறது. பெரிய கேமரா வாங்கணுமா?

ப: வேண்டாம். அதன் மைக்ரோஸ்கோப் மோட் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும். கேமரா மட்டும் 15 மீட்டர் வரை தாங்கும். ஆனாலும் தண்ணீர் புகாத உறையான ஹவுசிங் போட்டே இறக்குங்கள். மீதிப் பணத்தை வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள். சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு நிறம் மங்கிவிடும், அதை மீட்பது ஸ்ட்ரோப் என்ற ஃபிளாஷ் விளக்குதான். ஸ்ட்ரோப்பைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். நேராக அடித்தால் நடுவில் மிதக்கும் தூசெல்லாம் பனித்துளி போலப் படத்தில் விழும்.

கே: நியூடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல் நத்தையின் படமெல்லாம் தரையில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி வருகிறது.

ப: மேலிருந்து எடுக்கிறீர்கள். அது ஊரும் மட்டத்துக்கு இறங்கி, வரும் திசையில் முன்னால் போய்க் காத்திருங்கள். தலையில் நிற்கும் இரண்டு கொம்புகளில் ஃபோகஸ் வையுங்கள். கொம்பு தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும். மூச்சைப் பிடிக்காதீர்கள், அது ஆபத்து. மெதுவாக வெளியே விட்டு முடியும் தருணத்தில் பட்டனை அழுத்துங்கள்.

கே: கைடு இல்லாமல் என் கண்ணுக்கு எதுவுமே படுவதில்லையே?

ப: பிராணியைத் தேடாதீர்கள், அதன் சாப்பாட்டையும் வீட்டையும் தேடுங்கள். எனக்கு இதைப் புரியவைத்தது கோஸ்டாசியெல்லா. ஆட்டுக்குட்டி முகமும் பச்சை முதுகுமாய், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஓடில்லாக் கடல் நத்தை. இலை போல விரிந்த ஒருவகைப் பாசியிலேயே வாழ்ந்து, அதைத் தின்று, அதன் பச்சையத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாசி இலையைக் கண்டுபிடித்தால் அதையும் கண்டுபிடித்தது போலத்தான். நெருப்புக் கடல் முள்ளெலியின் (உடம்பெல்லாம் முள்ளுள்ள உருண்டைக் கடலுயிர்) மேல் முள் இல்லாத ஒரு திட்டு தெரிந்தால், அங்கே கோல்மன் இறால் ஜோடியாக உட்கார்ந்திருக்கலாம். கை மட்டும் படக்கூடாது, அந்த முள்ளில் விஷம். நீலக் கடல்நட்சத்திரத்தின் அடியில் ஹார்லிக்வின் இறாலைத் தேடுங்கள், நட்சத்திரமீன்தான் அதன் உணவு.

கே: மேடம், கைடு உயிர்களைக் குச்சியால் தள்ளி வசதியான இடத்தில் வைத்துத் தருகிறார். தப்பா?

ப: தப்புதான். ஒருமுறை எனக்காக ஒரு கைடு சின்ன இறால் ஒன்றை வெட்டவெளி மணலுக்குத் தள்ளினார். நானும் தடுக்கவில்லை. இரண்டு படம் எடுப்பதற்குள் ஒரு மீன் வந்து அதை விழுங்கிவிட்டது. அந்தப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வும், ஃபிளாஷைவிடத் தொட்டு நகர்த்துவதுதான் மீன்களை அதிகம் பாதிக்கிறது என்று கண்டது. இறங்குவதற்கு முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள்: “இடத்தைக் காட்டினால் போதும் அண்ணா, நான் காத்திருந்து எடுத்துக்கொள்கிறேன்.” குச்சி உங்களுக்கு வெறும் மணலில் ஊன்றி நிற்க மட்டும்.

கே: ஹவுசிங்குக்குள் ஆவி படிகிறது.

ப: ஏசி அறையில் வைத்து மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஹவுசிங் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி, ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் நுழையும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள், கடலுக்கு முன் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.