குளிர் ஊட்டியிலா, உடம்பிலா?

புற்றுநோய்க்கான நோய் எதிர்ப்புச் சிகிச்சை பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். எதிர்ப்பு சக்திக்காக மலைப்பூண்டைத் தினமும் கொடுக்கலாமா? (வாசகி, பூம்பாறை)

குழம்பில் தாராளமாகப் போடுங்கள். மருந்தென்று விழுங்க வைக்காதீர்கள். நோயோடு போராடும் வெள்ளணுக்களான டி செல்களுக்கு உங்கள் அப்பாவிடம் தெம்பு இல்லை என்பதல்ல சிக்கல். புற்றுக்கட்டி வரை போகும் செல்களை, அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தின் வழியாக அந்தக் கட்டியே அடக்கி வைக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகள் அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. இவ்வகைத் தடைகளை விலக்க வழிகாட்டியதற்கே ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டானாலும் அந்த வேலையைச் செய்யாது.

சில ஊசிகளுக்குப் பிறகு அம்மாவுக்கு ஓயாத குளிர், அசதி. ஊட்டிக் குளிர்தானே? (வாசகர், லவ்டேல்)

நாற்பது மார்கழியை அங்கேயே கழித்தவர் திடீரென்று ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டால், வானிலையைக் குறை சொல்லாதீர்கள். கட்டவிழ்ந்த செல்கள் கட்டியோடு நிற்பதில்லை; தைராய்டையும் தாக்கும். ரத்தத்தில் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச், டி4 அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு என்றால் தினசரி மாத்திரை போதும். பெரும்பாலும் ஊசியை நிறுத்த வேண்டியிருக்காது. கூடவே தலைவலி, மயக்கம் இருந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனையும் பார்க்க வேண்டும், அதுவும் அன்றே.

மேட்டில் மூச்சு வாங்குவது நமக்குப் பழகிப்போனது என்பதால் இன்னொன்றையும் கோட்டைவிடுகிறோம். வழக்கமாக ஏறும் படியில் இரைப்பும் வறட்டு இருமலும் புதிதாக வந்தால், அது இந்த ஊசியால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். வயிற்றுப்போக்கும் அப்படித்தான், மருந்துக்கடை மாத்திரையால் அடக்கிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இரண்டுக்கும் ஸ்டீராய்டு தேவைப்படலாம். மலைப்பாதையில் மண் சரிந்தால் கோவை வெகுதூரம். அறிகுறி தெரிந்த அன்றே மருத்துவரை அழையுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவைக்கு இறங்குகிறோம். இடைவெளியைக் கூட்டலாமா? (வாசகி, கோத்தகிரி)

பெம்ப்ரோலிசுமாப் என்றால் 200 மில்லிகிராமுக்குப் பதிலாக 400 மில்லிகிராம், 6 வாரத்துக்கு ஒருமுறை போடும் முறை உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

செல்களை வெளியே எடுத்து வலுவாக்கித் திரும்ப ஏற்றுகிறார்களாமே! தாத்தாவின் இரைப்பைப் புற்றுக்கு உதவுமா? (வாசகர், குன்னூர்)

நீங்கள் சொல்வது கார்-டி சிகிச்சை; டி செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மரபணு மாற்றித் திரும்ப ஏற்றுவது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது சிலவகை ரத்த, நிணநீர்ப் புற்றுகளுக்கானது. இரைப்பைப் புற்று போன்ற திடக்கட்டிக்குள் செல்கள் ஓயாமல் போராடிக் களைத்துவிடுகின்றன. தசாட்டினிப் என்ற ரத்தப் புற்று மருந்தால் சிறிது நேரம் அடக்கி ஓய்வு கொடுத்தால் அவை தெம்பாகத் திரும்புவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு இப்போது கேட்க வேண்டியது வேறு: பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் பலிக்க வாய்ப்புண்டா என்று காட்டும் பிடி-எல்1, எம்எஸ்ஐ சோதனைகளைக் கட்டியின் திசுவில் செய்தார்களா?